கயித்துக்கு வெளியே நில்லு, மாப்ளே!

சிங்கப்பூருக்கு விசா வந்துடுச்சாமே? உங்க ஆத்தா காலையிலேயே தெரு முழுக்கச் சொல்லிட்டா. கையில என்ன அது, பட்டியலா? படி பார்ப்போம். கார் ரேஸ், கேபிள் கார், பெரிய ஸ்டேடியம், ராட்டினம், செந்தோசா. பலே. நீ போறது ஊர் பாக்கவா, இல்ல உங்கப்பன் கடலை வித்த காசுக்குக் கணக்கு முடிக்கவா?

டிக்கெட் எடுத்து உள்ளே போனாத்தான் வேடிக்கைன்னு யாரு உனக்குச் சொன்னது? நான் அந்த ஊருல புல்லு வெட்டினவன்டா. மிஷினைத் தோள்ல மாட்டிக்கிட்டு மைதானம் மைதானமா சுத்தினவன். ஆட்டம் தொடங்குறதுக்கு முந்தி உள்ளே இருப்பேன், முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் உள்ளே இருப்பேன். நடக்குறப்ப மட்டும் கயித்துக்கு வெளியே. அங்கேருந்து பாத்ததுல எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆடுறவன் தெரிவான், பாக்குறவனும் தெரிவான், யாரு உள்ளே யாரு வெளியேங்கிறதும் தெரியும். டிக்கெட்டுக்காரனுக்கு இதுல முதல் ஒண்ணுதான் கிடைக்கும். அதுக்குத்தான் அம்புட்டு காசு.

நீ எப்படியும் முதல்ல போய் நிக்கப்போறது லிட்டில் இந்தியான்னு சொல்ற தேக்காவுலதான். நல்லாச் சாப்பிடு, சிராங்கூன் ரோட்டுல ஒரு நடை நட, காளியம்மனைக் கும்பிட்டுக்க. அப்படியே பின்பக்கம் போனா ரேஸ் கோர்ஸ் ரோடுன்னு பலகை இருக்கும். உடனே ‘குதிரை எங்கேண்ணே’ன்னு எவனையாவது கேட்டு ஊர் மானத்தை வாங்காதே. குதிரை 1933லேயே அங்கேருந்து கிளம்பிருச்சு. இப்ப அந்த ரோட்டுல பேரு வாங்கினது மீன்தலைக் குழம்புதான்.

ஆனா குதிரைக் கதையைத் தெரிஞ்சுக்காம மீன்தலையைத் தொடாதே. 1842ல வெள்ளைக்காரத் துரைமாருங்க கூடி ஒரு ஸ்போர்ட்டிங் கிளப் ஆரம்பிச்சாங்க. இப்ப ஃபேரர் பார்க்குன்னு சொல்ற எடத்துல சதுப்பைச் சமன் பண்ணி, 1843 பிப்ரவரி 23ஆம் தேதி முதல் பந்தயம் விட்டாங்க. சிங்கப்பூர் கோப்பை, பரிசு 150 டாலர். ஜெயிச்சது யாருங்கிறே? கிளப்பை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான ரீட் துரையே! குதிரையில தானே ஏறி ஓட்டி, பரிசையும் தானே வாங்கிக்கிட்டாரு. நம்ம பக்கம் மாட்டு வண்டி எல்கைப் பந்தயத்துல விழாக் கமிட்டித் தலைவரு தன் மாட்டைத் தானே ஓட்டி, பெரிய மாட்டுக்கான முதல் பரிசைத் தானே எடுத்துக்கிட்டா என்ன ஆகும்? மேடையில ஒரு நாற்காலி மிஞ்சுமா? அங்கே கை தட்டிட்டு விருந்துக்குப் போயிருக்காங்க. நாகரிகம்னா அதுதான்போல.

குதிரை ஓடின மைதானத்தைச் சுத்தி எருமைக் கொட்டில். புல்லும் தண்ணியும் இருந்த எடம் பாரு. பஃபலோ ரோடுன்னு இன்னமும் அங்கே ஒரு தெரு இருக்கு. பெலிலியோஸ்னு கல்கத்தாவுலேருந்து வந்த மாட்டு வியாபாரி, அவரு பேருலயும் ஒரு தெரு. குதிரை ஓடுறதைப் பாக்க வெள்ளைக்காரன் வந்தான், மாட்டைப் பாத்துக்க நம்ம பக்கத்து ஆளுங்க வந்தாங்க. பாக்க வந்தவன் போயிட்டான். பாத்துக்க வந்தவன் கடை போட்டு, கோயில் கட்டி, அங்கேயே தங்கிட்டான். தேக்காவோட சரித்திரத்துல பாதி இதுதான். மீதியை மீன்தலை சாப்பிட்டுக்கிட்டே யோசி.

அதே மைதானத்துலதான் 1911 மார்ச்சுல அந்த ஊரு முதல் ஏரோப்ளேன் பறந்தது. கிறிஸ்டியான்ஸ்னு ஒரு பெல்ஜியத்துக்காரரு ஓட்டினாரு. ஒரு நிமிஷம் நினைச்சுப் பாரு: ஓடுற குதிரைக்குக் கட்டணம் வாங்கலாம், கயிறு கட்டலாம். மேலே பறக்குறதுக்கு எங்கே கயிறு கட்டுவே? மாட்டுக் கொட்டில்ல நின்னவனும் தலையைத் தூக்கிப் பாத்திருப்பான்ல!

இன்னொரு நாளும் அங்கே கூட்டம் கூடுச்சு. அது வேடிக்கை இல்ல. 1942 பிப்ரவரி 17, சிங்கப்பூர் விழுந்த ரெண்டாம் நாள். சரணடைஞ்ச இந்தியச் சிப்பாய்ங்களை, நாப்பதாயிரத்துக்கு மேலன்னு சொல்றாங்க, அந்தப் புல்வெளியில உக்கார வச்சு, பிரிட்டிஷ்காரன் ஜப்பான்காரன் கையில ஒப்படைச்சான். அங்கேதான் மோகன் சிங் எழுந்து பேசினாரு, இந்திய தேசிய ராணுவத்துக்கு விதை விழுந்தது. அந்த நெலத்துல வீடு எழும்புது, சுத்துவேலி போட்டிருப்பாங்க. வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு ஒரு நிமிஷம் வாயை மூடிக்கிட்டு இரு. உனக்கு அது கஷ்டம்தான், முயற்சி பண்ணு.

1933ல கிளம்பின குதிரைங்க புக்கிட் தீமாவுக்குப் போச்சு, அங்கேருந்து கிராஞ்சிக்குப் போச்சு. 2024 அக்டோபர் 5ஆம் தேதி கடைசிப் பந்தயம் ஓட்டி, கடையைச் சாத்திட்டாங்க. 180 வருஷத்துக்கு மேல நடந்த சூது. நெலம் வேணும், வீடு கட்டணும்னு அரசாங்கம் கேட்டுச்சு. குதிரையில பணம் விட்டவன் எல்லாரும் நெலத்துல போட்டிருந்தா இன்னிக்கு யாரு ஜெயிச்சிருப்பான்னு நான் சொல்ல வேணாம்.

அடுத்தது பாடாங். நகர மண்டபத்துக்கு முன்னால பச்சைப் பசேல்னு ஒரு திடல். அந்தப் புல்லை மிதிக்கவே மனசு வராது, தொழில் தெரிஞ்சவன் சொல்றேன். அந்தக் கோடியில ஒரு மாளிகை, இந்தக் கோடியில ஒரு மாளிகை. ஒண்ணு கிரிக்கெட் கிளப், 1852ல வெள்ளைக்காரங்களுக்குன்னு தொடங்கினது. இன்னொண்ணு ரிக்ரியேஷன் கிளப், 1883ல யூரேசியருங்க தொடங்கினது. நடுவுல புல்லு. நம்ம ஆளுங்களுக்கு எடம் எங்கே? பாலஸ்டியர் ரோட்டுப் பக்கம் போய்ப் பாரு. 1923ல ஆரம்பிச்ச இந்தியர் சங்கம், 1928ல யாழ்ப்பாணத்துக்காரங்களும் மத்த இலங்கைக்காரங்களும் சேர்ந்து நடத்தின சிலோன் ஸ்போர்ட்ஸ் கிளப், 1931ல சீக்கியருங்க ஆரம்பிச்ச கால்சா சங்கம், எல்லாம் அந்த வட்டாரத்துலதான். உள்ளே விடலையா? சரி, நாங்களே ஒரு கயிறு கட்டிக்கிறோம்னு கிளம்பிட்டாங்க. சண்டை போடாம கோவிச்சுக்கிட்டுப் போறதுக்கும் ஒரு அழகு வேணும்டா மாப்ளே.

அந்தப் பாடாங்குலதான், 1943 ஜூலை 5ஆம் தேதி நேதாஜி நின்னு ‘தில்லி சலோ’ன்னாரு. அதே எடத்துல 1996 ஏப்ரல் 2ஆம் தேதி ஜெயசூரியா நின்னாரு. அவரு ஒண்ணும் பேசல. பாகிஸ்தான்காரன் போட்ட பந்தையெல்லாம் தூக்கித் தூக்கி அடிச்சாரு. 48 பந்துல நூறு! அன்னைக்கு உலகத்துலேயே வேகமான ஒருநாள் சதம் அதுதான். 65 பந்துல 134 ஓட்டம், பதினொண்ணு சிக்ஸர். இலங்கை லாகூர்ல உலகக் கோப்பை வாங்கி அப்பத்தான் ரெண்டு வாரம் ஆகியிருந்துச்சு, கை சூடு ஆறல. அன்னைக்கு எனக்கு வேற பக்கம் வேலை, எல்லாம் கேள்விப்பட்டதுதான். கேள்விப்பட்டதை நேர்ல பாத்த மாதிரி சொல்றதுல பேராவூரணி வரைக்கும் எனக்கு எதிராளி கிடையாது.

ஆனா நான் உனக்குச் சொல்ல வந்தது அவரைப் பத்தி இல்ல. அஞ்சு நாள் கழிச்சு இறுதி ஆட்டம், அதே பாகிஸ்தான். ஜெயசூரியா 17 பந்துல அரை சதம். முதல் விக்கெட் விழுந்தப்ப இலங்கையோட கணக்கு 70. விழுந்தது எதிர்ல நின்ன களுவிதாரண. அவரு எடுத்த ஓட்டம் சைபர்! எழுபது ஓட்டக் கூட்டணியில தன் பங்கு சைபர்னா, அந்த மனுஷன் எப்பேர்ப்பட்ட வேடிக்கையைப் பாத்திருக்கணும்! உலகத்துலேயே நல்ல எடத்துல நின்னு, டிக்கெட் இல்லாம, மட்டையும் கையில வச்சுக்கிட்டு வேடிக்கை பாத்தவரு அவருதான். கடைசியில அந்த ஆட்டத்துல இலங்கை தோத்துப்போச்சு, அது வேற கதை.

உன் பட்டியல்ல முதல்ல இருக்கே கார் ரேஸ், அதுக்கு வர்றேன். 2008லேருந்து மெரினா பே ரோட்டுல ராத்திரியில விடுறாங்க. உலகத்துலேயே முதல் ராத்திரி பார்முலா ஒன் அதுதான். கார் உன் முன்னால ஒரு ‘விர்ர்’. தலையைத் திருப்புறதுக்குள்ள காணோம். மறுபடி வர்ற வரைக்கும் நீ பக்கத்து ஆளு தொப்பியைப் பாத்துக்கிட்டு உக்காரணும். சத்தம் எப்படியும் ரெண்டு மூணு தெரு தள்ளிக் கேக்கும், அதுக்குக் காசில்ல. அந்த முதல் வருஷக் கூத்து தெரியுமா? ரெனோ கம்பெனிக்காரங்க ரெண்டு காரு விட்டாங்க. ஒரு காரை ஓட்டின பிக்கே பையன், சொல்லி வச்ச மாதிரி, சொல்லி வச்ச எடத்துல, சுவத்துல கொண்டுபோய் இடிச்சான். அந்தக் குழப்பத்துல அதே கம்பெனியோட அலோன்சோ ஜெயிச்சாரு. சொல்லி வச்சதுங்கிறது மறு வருஷம் வெளியே வந்து நாறிப்போச்சு. ஆக, அன்னைக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி (அந்த ஊரு டாலர்) குடுத்துப் பாத்தவன் பாத்தது பந்தயம் இல்ல, நாடகம். நம்ம ஊரு நாடகத்துக்குப் பாயும் போர்வையும் இருந்தாப் போதும்.

பெரிய ஸ்டேடியம் காலாங்குல இருக்கு. போ, வேணாங்கல. 2014ல திறந்தது, 55,000 பேர் உக்காரலாம், கூரை மட்டும் 310 மீட்டர் அகலம், தொறந்து மூடும். இருக்கைக்குக் கீழேருந்து குளிர்காத்து வரும். வெயில் படாம, வேர்வை வராம விளையாட்டுப் பாக்குறதுன்னா என்னமோ எனக்கு ஒட்டல. அதுக்கு முந்தி 1973லேருந்து அங்கே ஒரு பழைய ஸ்டேடியம் இருந்துச்சு. அதுல கூட்டம் போடுற சத்தத்துக்கே ‘காலாங் ரோர்’னு பேரு. பேரு வாங்கினது ஆடினவன் இல்ல பாரு, கத்தினவன்! அதனாலதான் அந்த ஊரை நான் மதிக்கிறேன்.

கால்பந்து பாக்கணும்னா தேக்காவுலேருந்து நடந்து போற தூரத்துல ஜாலான் புசார் ஸ்டேடியம், 1929லேருந்து இருக்கு. சின்ன எடம், பந்தை உதைக்கிற சத்தம் காதுல விழும். பக்கத்துல உக்காந்திருக்கிற பெரியவருகிட்ட சசிகுமார்னு ஒரு பேரை மட்டும் சொல்லு, அப்புறம் நீ வாயைத் தொறக்கவே வேண்டியதில்ல. 1998ல ஹனோயில டைகர் கப் இறுதி ஆட்டம். வியட்நாம்காரன் ஊரு, வியட்நாம்காரன் கூட்டம். ஜெயிக்கப் போறது அவன்தான்னு எல்லாரும் எழுதி வச்சுட்டாங்க. பந்து வந்து நம்ம சசிகுமார் தோள்பட்டையில பட்டு உள்ளே போச்சு. ஒண்ணுக்கு சைபர். சிங்கப்பூருக்கு முதல் டைகர் கப். பட்டது தோளா முதுகாங்கிற வழக்கு இன்னமும் காப்பிக் கடையில நடக்குது. தலை இருக்கு, கால் இருக்கு, வேணும்னு தோளால ஜெயிச்சுக் குடுத்தாரு பாரு! சுந்தரமூர்த்தியைப் பத்தியும் கேளு. ஸ்விட்சர்லாந்துல பாசல் கிளப்புக்குப் போய் ஆடிட்டு வந்தவரு, பின்னாடி தேசிய அணிக்கே பயிற்சியாளர் ஆனவரு.

ஓட்டம்னா குணாளன். பேராக்குல பொறந்து சிங்கப்பூர்ல வாத்தியாரா இருந்தவரு. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டுல நூறு மீட்டர். முதல்ல வந்தது மலேசியாவோட ஜெகதீசன், ரெண்டாவது குணாளன். ஆசியாவுல அன்னைக்கு முதல் ரெண்டு காலும் தமிழன் கால்தான். 1968ல மெக்சிகோ ஒலிம்பிக்ல குணாளன் ஓடினது 10.38 விநாடி. அதை முறியடிக்க 33 வருஷம் ஆச்சு. 2001ல ஷியாம்னு ஒரு பையன் 10.37 ஓடினான். முப்பத்து மூணு வருஷ உழைப்புக்கு விநாடியில நூத்துல ஒரு பங்கு! நீ பஸ்ஸைப் புடிக்க ஓடுறதையும் பாத்திருக்கேன், அதனால இத்தோட நிறுத்திக்கிறேன்.

ஞாயித்துக்கிழமை தேக்காவுக்குப் போகாம இருக்காதே. அன்னைக்குத்தான் நம்ம பயலுக வருவாங்க. கப்பல் பட்டறை, கட்டடம், ரோடு, எல்லாத்துலேயும் வேலை பாக்குறவங்க. பாதிப் பேரு அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, மன்னார்குடி முகம்தான், கூப்பிட்டா திரும்பிப் பாப்பாங்க. சந்தோஷத்துல பாட்டிலைத் தொறந்துடாதே. 2013 டிசம்பர் கலவரத்துக்கு அப்புறம் கொண்டுவந்த சட்டப்படி, சனிக்கிழமை காலை 7 மணியிலேருந்து திங்கள் காலை 7 மணி வரைக்கும் தேக்காவுல பொது எடத்துல குடிக்கக் கூடாது. கொரோனாவுக்கு அப்புறம் இன்னொண்ணும் இருந்துச்சு. 2022 ஜூன்லேருந்து, விடுதியில இருக்குற பயலுக ஞாயித்துக்கிழமை தேக்காவுக்கு வரணும்னாலே அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டியிருந்துச்சு. தேக்கா மாதிரிக் கூட்டம் கூடுற எடங்களுக்கு எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு 80,000 பேருக்கு. நீ விமானத்துல பறந்து வந்து இறங்கி சும்மா நடந்து போவே. அந்த ஊருல கட்டடத்தை எழுப்பினவன் ஒரு டீ குடிக்க விண்ணப்பம் போட வேண்டியிருந்துச்சு. இதுக்கு எந்தத் துரையும் கை தட்டல.

அவனுகளோட கிரிக்கெட்டைப் பாக்கணும்னா பெஞ்சூரு, கிராஞ்சி, தெருசான்னு தொழிலாளர் பொழுதுபோக்கு மையம் இருக்கு. எவனாவது சொந்தக்காரன் இருந்தா கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு. ஆறு நாள் கம்பி கட்டினவன் ஏழாம் நாள் பந்து போடுறப்ப வர்ற வேகத்தை, நகர மண்டபத்துக்கு முன்னால வெள்ளை உடுப்புல ஆடுறவன்கிட்ட நீ பாக்க முடியாது. நடுவருக்குத் தமிழ் தெரிஞ்சிருந்தா அவரு காதுக்குத்தான் ஆபத்து.

மலை ஏறணும்னு ஆசையா? புக்கிட் தீமா. அந்த நாட்டுலேயே உசந்த மலை. உசரம் எவ்வளவுங்கிறே? 164 மீட்டர். சிரிக்காதே, அவங்க அதை எப்படிக் காப்பாத்தி வச்சிருக்காங்கன்னு பாரு. மெக்ரிச்சி நீர்த்தேக்கத்துக் காட்டுல மரத்துக்கு மேல 250 மீட்டருக்குத் தொங்கு பாலம் இருக்கு, நட. அங்கே குரங்கு வரும். அழகர்கோயில் ஞாபகத்துல பையிலேருந்து வாழைப்பழத்தை எடுக்காதே. காட்டு விலங்குக்குத் தீனி போட்டா முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம். அம்புட்டு காசுக்கு இங்கே ஒரு வாழைத் தோப்பே வாங்கலாம். பூங்காவுல பீடி பத்த வைக்காதே, 2022லேருந்து தடை. குட்கா 2016லேயே தடை, பெட்டியில ஒளிச்சு வைக்காதே. மைதானத்துல சங்கு ஊதினா மின்னல் வருதுன்னு அர்த்தம், செல்ஃபியை மடிச்சு வச்சுட்டு ஓடு.

சாயந்திரம் மெரினா பராஜுக்குப் போ. கல்லணைக் கால்வாய்த் தண்ணியில குளிச்சு வளர்ந்த எனக்கே அந்த அணையைப் பாத்து வாய் பொளந்துச்சு. 350 மீட்டர் அகல வாய்க்காலுக்குக் குறுக்க ஒன்பது மதகு, வெள்ளம் வந்தா எடுத்துக் கொட்ட ஏழு ராட்சசப் பம்பு. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் நல்ல தண்ணி. அதுக்கு மேலே கூரையில புல்லு! அந்தப் புல்லுல குடும்பம் குடும்பமா ஏறி நின்னு பட்டம் விடுறாங்க. காசு கிடையாது. நீயும் ஒரு பட்டம் வாங்கி விடு. மத்தவன் நூலை அறுக்குறது நம்ம ஊருப் பழக்கம், அங்கே அதைக் காட்டாதே.

கடைசியா ஒண்ணு, உன் பட்டியல்ல இருக்காது. அங் மோ கியோ பக்கம் கெபுன் பாருன்னு ஒரு எடம். மேஃபிளவர் ஸ்டேஷன்ல இறங்கிக் கேளு. ஒரு புல்வெளியில நூத்துக்கணக்குல உசரமான கம்பம் நட்டிருக்கும். காலையில கிழவனுங்க கூண்டோட வருவாங்க, கூண்டுக்குள்ள மெர்போக் புறா. கயித்தைப் புடிச்சு இழுத்து, கொடி ஏத்துற மாதிரி கூண்டைக் கம்பத்து உச்சிக்கு ஏத்துவாங்க. அப்புறம் கீழே பெஞ்சுல உக்காந்துடுவாங்க. மேலே பறவைங்க ஒண்ணுக்கு ஒண்ணு போட்டியா கூவும். யாருது நீளமா கூவுச்சு, யாருது தெளிவா கூவுச்சுன்னு இவங்க கண்ணை மூடிக்கிட்டுக் கேப்பாங்க. போட்டி நாள்ல நடுவரு வந்து மார்க்குப் போடுவாரு. கத்தி கட்டுறது இல்ல, ரத்தம் இல்ல, ஓட்டம் இல்ல. விளையாடுற வீரன் கூண்டை விட்டு நகரக்கூட மாட்டான். நான் புல்லு வெட்டப் போன எடத்துல மிஷினை அணைச்சுட்டு உக்காந்த எடம் அது ஒண்ணுதான். மேஸ்திரி வந்து திட்டுறதுக்கு வாயெடுத்தாரு, சீனக் கிழவரு ஒருத்தரு வாயில விரலை வச்சு அவரை அடக்கி உக்கார வச்சாரு.

அங்கே போனா சும்மா இரு. நல்லா கூவுச்சேன்னு கை தட்டிடாதே, பறவை பாட்டை நிறுத்திடும், அத்தனை கிழவனுங்களும் ஒரே நேரத்துல திரும்பிப் பாப்பானுங்க. அதுல வெத்தலைக் கறைப் பல்லோட ஒரு தமிழ்க் கிழவன் இருந்து, நீ எந்த ஊருடா தம்பின்னு கேட்டா, கும்பகோணம்னு சொல்லிடு. என் பேரைச் சொல்லாதே. அந்த ஆளோட புறாவை நம்பாம நான் பக்கத்துக் கம்பத்துக்குக் கட்டின பந்தயத்துல இன்னமும் இருபது வெள்ளி பாக்கி இருக்கு.